விதி பதினொன்றின் இரண்டாவது வாக்கியம்

எங்கள் நிறுவனக் கையேட்டின் பதினோராம் விதி இப்படிச் சொல்கிறது: "மூல ஆவணத்திலுள்ள சுருக்கெழுத்தின் பொருள் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிந்திருந்தால் அதை முழுமையாக விரித்து எழுத வேண்டும். தெரியாதிருந்தால் உள்ளது உள்ளபடியே விட்டு, அடிக்குறிப்பிட்டு, ஆவணத்தை வழங்கிய நிறுவனத்திடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்க வேண்டும்."

விதியில் குறையில்லை. முதலாவது வாக்கியம் பொருந்த வேண்டிய இடத்தில் நான் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் விதியை மீறியவர்களைப் பற்றி நிறையச் சொல்லியிருப்பார்கள். விதியைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு மனிதரைக் கொல்லப் பார்த்தவளைப் பற்றிச் சொல்லியிருக்கமாட்டார்கள். ஏனென்றால் அந்த வகுப்புகளுக்கான குறிப்புகளை எழுதிக் கொடுத்தது நான்.

பலெர்மோவில், மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால், பயணப்பெட்டிக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. லிஃப்ட் உண்டு, அது வேலை செய்து நான் பார்த்ததில்லை. அங்கே முப்பது வருடம் உட்கார்ந்து பிரெஞ்சு வைத்திய ஆவணங்களை ஆங்கிலமாக்கினேன். காப்புறுதிக்காரர், கப்பல் கம்பனிகள், மருந்து செய்பவர்கள் எல்லாரும் அனுப்புவார்கள். இலங்கைத் தமிழரான எங்கள் ஆட்களும் படியேறி வருவார்கள். எங்கள் ஆட்கள் ஒரு நாட்டில் நோய்ப்பட்டு, இன்னொரு நாட்டில் வேலைசெய்து, மூன்றாவது நாட்டில் வைத்தியம் பார்ப்பவர்கள். பாரிசில் எழுதிய கடதாசியைக் கொழும்பில் ஒரு வைத்தியர் வாசிக்க வேண்டுமென்றால், நடுவில் பலெர்மோவில் ஒருத்தி இருக்க வேண்டியிருந்தது.

வேலை அப்படியொன்றும் கடினமில்லை. பிரெஞ்சுக்காரருக்கென்றே சில வருத்தங்கள் உண்டு என்பதை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர்களுக்குக் கால் கனக்கும். ஆங்கிலத்தில் யாருக்கும் கால் கனப்பதில்லை. விருந்துக்கு அடுத்த நாள் வயிறு பொருமினால் அதை அவர்கள் ஈரல் நெருக்கடி என்பார்கள். முதல் வருடத்தில் நான் அதைச் சொல்லுக்குச் சொல் எழுதி அனுப்ப, லண்டன் காப்புறுதிக்காரர் ஒருவர் அந்த மனிதருக்கு மாற்று ஈரல் கிடைத்துவிட்டதா என்று அனுதாபத்தோடு கேட்டு எழுதினார். மனிதர் அளவுக்கு மிஞ்சி வாத்துக்கறி சாப்பிட்டிருந்தார், அவ்வளவுதான். இப்படியான பிழைகள் உங்களுக்கும் வரும். ஒரு நாள் வெட்கப்பட்டுவிட்டு மறந்துவிடுங்கள். நான் சொல்ல வந்தது தெரியாமல் விட்ட பிழையைப் பற்றியல்ல.

மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஜெசிந்தா வந்தாள். மன்னார்ப் பெண். இத்தாலியச் சின்யோரா ஒருத்தியின் வீட்டில் சமையலும் துப்புரவும் பார்ப்பவள். கணவர் அருளப்பு பதினைந்து வருடம் பாரிசில் உணவகமொன்றில் வேலைசெய்து, பிறகு குடும்பத்தோடு இங்கே வந்து, கால்சா என்ற பழைய பகுதியில், புதுப்பித்த ஒரு பலாத்சோ மாளிகையில் வாசல் காவலாளியாக இருந்தார். எங்கள் ஆட்களின் திருவிழாக் குழுவுக்கு அவர்தான் தலைவர். தவக்காலத்தில் இளம் பெடியளைக் கோவில் மண்டபத்தில் கூட்டிவைத்து, குடிக்கமாட்டோம் என்று கையொப்பம் வாங்குகிறவரும் அவர்தான்.

அருளப்புவுக்கு இடுப்பு மூட்டு தேய்ந்துபோயிருந்தது. கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அதை மாற்ற ஏற்பாடாகியிருந்தது. ஜெசிந்தாவின் அண்ணன் வீட்டில் ஆறு கிழமை தங்கித் தேறுவது திட்டம். அண்ணனின் மகள் அதே ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் வேலை. சில வருடங்களுக்கு முன் பாரிசில் அருளப்புவுக்குக் கால் முறிந்து சத்திரசிகிச்சை நடந்திருந்தது. அந்தக் கோப்பு பிரெஞ்சில் இருந்தது; கொழும்பு வைத்தியருக்கு அது ஆங்கிலத்தில் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விமானம், புதன்கிழமை சத்திரசிகிச்சை.

ஜெசிந்தா கோப்பை என் மேசையில் வைத்தாள். கையை மட்டும் அதன் மேலிருந்து எடுக்கவில்லை.

"அக்கா, மூண்டாம் பக்கத்திலை ஒரு வரி இருக்கு. அதை மட்டும் விட்டிடுங்கோ."

மூன்றாம் பக்கத்தைத் திருப்பினேன். முந்தைய வருத்தங்கள் என்ற தலைப்பின் கீழ் ஒரு வரி: OH chronique, SSA à J2.

உங்களில் சிலருக்கு இது இன்னும் வந்திருக்காது, ஆகவே சொல்லிவிடுகிறேன். OH என்பது மதுசாரத்தின் இரசாயனக் குறியீட்டின் வால். பிரெஞ்சு வைத்தியர்கள் நாட்பட்ட குடி என்று முழுதாக எழுதமாட்டார்கள். கட்டிலோரம் நின்று கோப்பைத் தலைகீழாக வாசிக்கும் மாமியாருக்கு விளங்கிவிடும். SSA, குடி திடீரென்று நின்றதும் உடம்பு போடும் ஆட்டம். J2, சத்திரசிகிச்சைக்குப் பின் இரண்டாம் நாள். அதாவது, இந்த மனிதர் தினமும் குடிப்பவர். ஆஸ்பத்திரியில் குடி நின்ற இரண்டாம் நாள் இவருக்கு மூளை குழம்பிவிட்டது. இதை முன்கூட்டியே அறிந்த வைத்தியர் மருந்து கொடுத்துச் சமாளிப்பார். அறியாத வைத்தியரின் கையில் ஆள் போய்விடவும் கூடும்.

"உமக்கு இது என்னெண்டு தெரியுமோ?" என்று கேட்டேன்.

"பாரிசிலை ஒரு நேர்ஸ் சொன்னவ. அந்த ரெண்டெழுத்தை இனி எங்கை கண்டாலும் எனக்குத் தெரியும்."

"இப்பவும் குடிக்கிறாரோ?"

"நிப்பாட்டிட்டார் அக்கா. ஈஸ்டரோடை."

"எந்த ஈஸ்டர்?"

ஜெசிந்தா ஜன்னலைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றுமில்லை, எதிர் வீட்டுக்காரரின் காற்சட்டைகள் காய்ந்தன.

"அண்ணனைப் பற்றி உங்களுக்குத் தெரியாது. குடிக்கிற ஆக்களை வாசலோடை அனுப்புற மனிசன். இவர் குடிக்கிறதெண்டு தெரிஞ்சால் எங்களை வீட்டிலை ஏத்தமாட்டார். அவற்றை மகள், என்ரை மருமகள்தான் அங்கை கோப்பை வாங்குறவள். வாங்கின கையோடை படம் எடுத்துக் குடும்பக் குறூப்பிலை போடுவாள், மாமாவுக்காகச் செபியுங்கோ எண்டு. நாப்பத்திமூண்டு பேர் அதிலை. செபிக்க முன்னம் எல்லாரும் வாசிப்பினம்."

"வரியை எடுக்க ஏலாது ஜெசிந்தா. எடுத்தால் நான் குத்துற முத்திரைக்கு மரியாதையில்லை."

"முத்திரை சாகாதக்கா. அவர்தான் வெளியிலை தலைகாட்ட ஏலாமல் செத்துப்போவார். தவக்காலத்திலை எத்தினை பெடியளிட்டைக் கையெழுத்து வாங்கினவர்."

வெளியாருக்கு விளங்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அவளை அனுப்பினேன். என்னிடம் கையேடு இருந்தது. அன்று மத்தியானம் பதினோராம் விதியைத் திறந்து வைத்து இரண்டாவது வாக்கியத்தை வாசித்தேன். பொருள் தெரியாதிருந்தால். எனக்குத் தெரியாதென்று யார் நிரூபிக்கப்போகிறார்கள், தெரியுமென்றுதான் யார் நிரூபிப்பார்கள்? OH, SSA இரண்டையும் அப்படியே விட்டேன். "சுருக்கெழுத்துகள் மூலத்தில் உள்ளபடி, வழங்கிய நிறுவனத்திடம் விளக்கம் கேட்கப்பட்டுள்ளது" என்று அழகான ஓர் அடிக்குறிப்புப் போட்டேன். பாரிஸ் ஆஸ்பத்திரியின் ஆவணப் பிரிவுக்கு, என் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த பிரெஞ்சில், இந்த எழுத்துகளுக்கு என்ன பொருள் என்று தயவுடன் அறியத்தரும்படி கேட்டு எழுதினேன். இருபது வருடமாக வாரத்துக்கு மூன்று தடவை விரித்து எழுதிய சுருக்கத்துக்கு விளக்கம் கேட்டேன்.

வரியை எடுக்கவில்லை. ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஜெசிந்தாவும் ஏமாறவில்லை. கைகழுவிவிட்டு வந்து கோப்பி குடித்தேன், நல்ல ருசியாக இருந்தது.

எங்கள் திருத்துநர் இந்த ஊர்க்காரர். முன்பு கப்பல் வைத்தியராக இருந்தவர். பெயர் வேண்டாம், தன் பெயர் எழுத்தில் வருவதை அவர் விரும்பாதவர், தான் திருத்திய கோப்புகளில்கூட. அவர் வாசிப்பது எண்களை மட்டும்: மருந்தின் அளவு, திகதி, இடதா வலதா. பெயரடைகளால் யாரும் செத்ததில்லை என்பது அவர் கொள்கை. அருளப்புவின் கோப்பை அவரிடம் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

OH என்றால் என்னவென்று உனக்குத் தெரியாதா என்று இத்தாலியனில் கேட்டார்.

விதி பதினொன்று என்றேன்.

பதினொன்றில் இரண்டு வாக்கியம் இருக்கிறது என்றார். யாராலும் வாசிக்க முடியாத ஒரு கையொப்பத்தைக் கீறினார். சுருட்டை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்விட்டார். மூத்தவர்கள் இப்படித்தான். சரியான இடத்தில் விரலை வைப்பார்கள், பிறகு விரலை எடுத்துக்கொண்டு புகைபிடிக்கப் போய்விடுவார்கள். நீங்கள் மூத்தவர்களாகும்போது பல்கனிக்குப் போகாமல் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

வெள்ளிக்கிழமை கோப்பை வாங்க ஜெசிந்தா வருவாளென்று இருந்தேன். அருளப்பு வந்தார். ஊன்றுகோலோடு இரண்டு மாடி ஏறி வந்தவர் கதவடியில் நின்று மூச்சு வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டு ஆங்கிலம் எழுதும் எந்தப் பெண்ணும் எங்கள் ஆட்களுக்கு ரீச்சர்தான். நான் ஒரு நாளும் யாருக்கும் படிப்பித்ததில்லை.

"இருக்கிறீங்களோ ரீச்சர்?"

"வாங்கோ அண்ணை. இருங்கோ. தண்ணி தரட்டோ?"

"தண்ணியே தாங்கோ" என்று சிரித்தார். வாயில் மிட்டாய் வாசம், புதினா. காலை பத்து மணி.

கோப்பை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். திறக்கவில்லை.

"அந்தப் பாரிஸ் ஆஸ்பத்திரியிலை நடந்தது எல்லாம் இதிலை இருக்குதுதானே?"

"மூலத்திலை இருக்கிறதெல்லாம் இருக்கு."

"ரெண்டாம் நாள் நடந்ததும்?"

நான் எழும்பித் தண்ணீர் எடுத்து வந்து நீட்டினேன். அவருக்கு அது போதவில்லை போலும், கதையைச் சொல்லத் தொடங்கினார்.

"ரெண்டாம் நாள் ஆயர் வந்தவர் ரீச்சர். முழு உடுப்போடை, தொப்பியோடை. வந்து என்ரை கட்டில் காலடியிலை இருந்து பாரை மீன் வெட்டினார். நான் சொன்னன், ஆண்டவரே, செதிலைக் கழட்டிப்போட்டு வெட்டுங்கோவன் எண்டு. அவர் கேக்கேல்லை. எனக்குக் கோவம் வந்திட்டுது. கையிலை குத்தியிருந்த குழாயெல்லாத்தையும் பிடுங்கி எறிஞ்சிட்டு எழும்பினன், முறிஞ்ச காலோடை. ஒரு நேர்சைக் கடிச்சும் போட்டன். பிறகு நாலு பேர் சேர்ந்து கட்டினவை. இருதயம் நிண்டு வந்ததெண்டு பிறகு சொன்னவை."

இரண்டு பேரும் சிரித்தோம். ஆயர் மீன் வெட்டினால் சிரிக்காமல் இருக்க முடியாது. பிறகு அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கோப்பைத் தடவினார்.

"அங்கை டொக்டர் கேப்பார், குடிக்கிறனீங்களோ எண்டு. மச்சானின்ரை மகள், அந்தப் பெட்டை பக்கத்திலை நிப்பாள். நான் இல்லையெண்டுதான் சொல்லுவன். என்னை எனக்குத் தெரியும். அதுதான், கடதாசி சொல்லும் எண்டு நினைச்சுக்கொண்டு போறன்."

இந்த வேலையில் நீங்கள் எழுதுவதை யாராவது நம்புவார்களா என்று சந்தேகப்படும் நாட்கள் வரும். எனக்கு அன்று எதிர்மாறான பயம் வந்தது. என் அடிக்குறிப்பை நம்பி ஒரு மனிதர் கத்திக்குப் போகிறார். கொழும்பில் யாருக்கும் விளங்காத ஐந்து எழுத்து, அதற்குக் கீழே என் முத்திரை.

"அண்ணை, இப்பவும் குடிக்கிறியளோ?"

"ஓம்."

"எவ்வளவு?"

"வேலைக்குப் போக முன்னம் கொஞ்சம். வந்த பிறகு கொஞ்சம் கூட." தண்ணீரைக் குடித்து வைத்துவிட்டு, "இடையிலையும்" என்றார்.

கோப்பை மூன்றாம் பக்கத்தில் திறந்து காட்டினேன். அந்த எழுத்துகளை நான் விரிக்கவில்லை, ஏன் விரிக்கவில்லை என்பதைச் சொல்லமாட்டேன், என் பிழை என்றேன். ஏன் என்று அவரும் கேட்கவில்லை. பதினைந்து வருடம் பாரிசில் இருந்த மனிதர், அவருக்கும் அந்த இரண்டெழுத்து தெரிந்திருந்தது.

"முழுசா எழுதினால் அந்தப் பெட்டை வாசிப்பாள்" என்றார்.

"வாசிப்பாள்."

"எழுதாட்டில் டொக்டர் வாசிக்கமாட்டார்."

"ஓம்."

"அப்ப என்ன செய்யிறது ரீச்சர்?"

கையேட்டை மனப்பாடமாக வைத்திருப்பதில் ஒரு நன்மை உண்டு. ஒளிந்துகொள்ளவும் உதவும், வெளியே வரவும் உதவும். இருபத்துமூன்றாம் விதி: வெளியே தெரிந்தால் நோயாளிக்குப் பங்கம் வரக்கூடிய விபரங்களைத் தனி இணைப்பாக, முத்திரையிட்ட உறையில், சிகிச்சை செய்யும் வைத்தியரின் பெயருக்கே கொடுக்கலாம். அதற்கு நோயாளியின் கையொப்பமிட்ட ஒப்புதல் வேண்டும். அதன்படி மூன்றாம் பக்கத்து வரியை விரித்துத் தனித்தாளில் எழுத முடியும். ஆனால் அந்த வரி பழையது. இன்று காலையும் குடித்தார் என்பதுதான் மயக்கமருந்து கொடுப்பவருக்கு வேண்டிய செய்தி. அது கோப்பில் இல்லை. மூலத்தில் இல்லாததை நான் எழுத முடியாது.

ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"எனக்கு மூலம் வேணும் அண்ணை. நீங்கள் எழுதுங்கோ, நான் மொழிபெயர்க்கிறன்."

"நானோ? என்னத்தை எழுத?"

"எனக்குச் சொன்னதை. தமிழிலை எழுதுங்கோ."

பேனாவை வாங்கி நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். வாயால் சொல்ல மாட்டாதவர் எழுதவும் மாட்டாரோ என்று நினைத்தேன். பிறகு, கோவில் அறிவித்தல் எழுதிப் பழகிய கையால், உருண்டை எழுத்தில் தொடங்கினார்: இத்தால் சகலருக்கும் அறியத்தருவது.

"சகலருக்கும் வேண்டாம் அண்ணை. டொக்டருக்கு மட்டும்."

வெட்டிவிட்டு, கனம் டொக்டர் ஐயாவுக்கு என்று எழுதினார். நாலு வரிதான். எத்தனை வருடமாக, எவ்வளவு, எந்தெந்த நேரம், கடைசியாக எப்போது. கடைசிக் கேள்விக்கு "இன்று" என்று எழுதி, நேரத்தையும் போட்டார். கோப்பை எனக்கும் கையொப்பத்துக்கும் இடையில் கொஞ்ச நேரம் மறைப்புப்போல் நிறுத்தி வைத்துக்கொண்டு ஒப்பமிட்டார்.

"ஜெசிந்தாவுக்குச் சொல்லாதேங்கோ. பாவம், நான் விட்டிட்டன் எண்டு நம்பிக்கொண்டிருக்கிறாள்."

சரி என்றேன். ஒரே கிழமையில் ஒரே வீட்டின் இரண்டு பக்கத்துக்கும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

ஒரு மணித்தியாலத்தில் இணைப்புத் தயார். இந்தத் தடவை விதி பதினொன்றின் முதலாவது வாக்கியப்படி ஒவ்வோர் எழுத்தையும் விரித்தேன். திருத்துநர் சுருட்டில்லாமல் வந்து முழுதையும் வாசித்தார், பெயரடைகள் உட்பட. அலுவலகத்தில் இருந்த மிகப் பெரிய முத்திரையைத் தானே தேடி எடுத்து உறையில் குத்தினார். உறை அருளப்புவின் கையில் போனது. அவர் கையை நான் முழுக்க நம்பவில்லை, விமான நிலையங்களில் குப்பைத்தொட்டிகள் உண்டு. ஆகவே அவருடைய ஒப்புதலோடு அதே இணைப்பை மயக்கமருந்து வைத்தியரின் மின்னஞ்சலுக்கும் அனுப்பினேன். முதல் பக்கங்களை மாற்றவில்லை, அந்தப் பொய் அடிக்குறிப்பு அப்படியே இருந்தது. அதை எடுக்கும் துணிவு அன்றும் எனக்கு வரவில்லை. அதைப் பார்த்துப் பழகாதீர்கள்.

மின்னஞ்சலுக்குப் பதிலில்லை. திங்கள் இல்லை, செவ்வாய் இல்லை. புதன்கிழமை காலை பொறுக்கமாட்டாமல் கொழும்பு ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஓர் இளம் பெண் குரல், தமிழில், இனிமையாக வணக்கம் சொன்னது. மருமகளாக இருக்கலாம். வைத்துவிட்டேன். அன்று முழுவதும் ஒரு கப்பல் கம்பனியின் பல்வலிக் கோப்பை மொழிபெயர்த்தேன். மூன்று பக்கம். மாலையில் பார்த்தபோது ஒரு பக்கம்கூட முடிந்திருக்கவில்லை.

எட்டுக் கிழமைக்குப் பிறகு ஜெசிந்தா படியேறி வந்தாள். கையில் கொழும்புப் பலகாரப் பெட்டி. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கதிரையில் இருக்க முடிந்தது.

"நல்ல டொக்டர் அக்கா, சும்மா சொல்லக்கூடாது. போன உடனை மயக்கமருந்து டொக்டர் இவரோடை தனியக் கதைக்கவேணும் எண்டு எங்கள் எல்லாரையும் வெளியிலை விட்டார். பிறகு வந்து, ரத்தம் சரியில்லை, பத்து நாள் தள்ளவேணும், இவர் இஞ்சையே நிக்கட்டும் எண்டார். விற்றமின் ஊசியாம், நித்திரைக் குளிசையாம், ஒவ்வொரு நாளும். பிறகு வெட்டினவை. ரெண்டாம் நாள் நான் கட்டிலடியிலை செபமாலையோடை நிண்டன். குழந்தைப்பிள்ளை மாதிரிக் கிடந்தார்."

"மருமகள் கோப்பைப் படம் எடுத்தவளோ?"

"எடுக்காமல்? அண்ணன் உடனை போன் பண்ணிக் கேட்டவர், OH எண்டால் என்னெண்டு. ஒப்பரேஷன் ஹிப் எண்டு சொல்லிப்போட்டன்."

பலகாரப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள்.

"நீங்கள் அந்த வரியை அப்பிடியே விட்டதுதான் அக்கா எங்களைக் காப்பாத்தினது. வெளியிலை வந்திருந்தால் என்ன கதி."

வாயில் பலகாரம் இருந்ததால் நான் ஒன்றும் சொல்லவில்லை. தொழில் இரகசியம் காக்க அதுவும் ஒரு வழி.

அந்த மயக்கமருந்து வைத்தியர் எனக்கு ஒரு நாளும் எழுதவில்லை. எழுதத் தேவையுமில்லை. தன் நோயாளியின் இரத்தத்தின் மேல் பழியைப் போட்டுப் பத்து நாள் சம்பாதித்தாரே, அதைவிட நல்ல மொழிபெயர்ப்பை நான் செய்ததில்லை. நான் அடிக்குறிப்பில் வாக்குக் கொடுத்திருந்த அந்த விளக்கம் மட்டும் பாரிசிலிருந்து வரவேண்டியிருந்தது. கோப்பை வாசித்தவர் எவராவது என் சொல்லை நம்பி அதற்காகக் காத்திருந்தால், அருளப்பு இன்னும் கொழும்பில் கட்டிலில் கிடந்திருப்பார், அல்லது கிடந்திருக்கமாட்டார். அவர் ஊன்றுகோலை விட்டு, திரும்ப வேலைக்குப் போய், திருவிழாவில் முன்வரிசையில் புனிதரின் சுரூபம் தூக்கி, கோடை விடுமுறை முடிந்து சின்யோராக்கள் எல்லாரும் நகரத்துக்குத் திரும்பிய பிறகும் அது வரவில்லை.

வந்தபோது ஒரு தாள். என் கேள்விக்கு ஆவணப் பிரிவு நன்றி சொல்லியிருந்தது. குறித்த சுருக்கெழுத்துகளின் பொருள் நோயாளியின் தனிப்பட்ட மருத்துவத் தகவல் ஆகையால், அவருடைய கையொப்பமிட்ட ஒப்புதலும் அடையாள அட்டையின் பிரதியும் கிடைக்கும்வரை அதை வெளியிட முடியாதிருப்பதற்கு வருந்தியிருந்தது. தபாலில் வரும் கடிதங்களில் வந்த நாளைக் குத்துவது எங்கள் அலுவலக வழக்கம். குத்தினேன்: நவம்பர் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை.